பாதரசன் கன்னடத்தில் பிழைத்த கதை

போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெங்களூரில் சர்ஜாபுரா சாலைப் பக்கம் கார்ட்டூன் படம் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாளாம். எங்கள் பழைய காமிக்ஸ் கதைகளின் உரிமையை அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். எல்லா இதழ்களையும் படித்து, யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று தொகுப்பது அவள் பொறுப்பு.

"மேடம், ஒரே ஒரு டவுட். பாதரசன் தமிழ் புக்ல செத்துட்டான். அதே மாச கன்னட புக்ல சாகல. அடுத்த மாசம் ரெண்டுலயும் உயிரோட வர்றான். எது கரெக்ட்?"

"ரெண்டும்தான்மா."

"அப்படிப் போட முடியாது மேடம். செத்தானா இல்லையான்னு ஒரு கட்டம்தான் இருக்கு. எஸ் இல்லேன்னா நோ."

பதிலைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது, அந்தக் கட்டத்துக்குள் அடங்காத விஷயங்களே அதிகம் இருந்தன.

பாதரசனைத் தெரியாதவர்களுக்கு: அவன் எங்கள் வில்லன். இருநூறு வருடங்களுக்கு முன் தங்கம் உருக்கும் பட்டறையில் வேலை பார்த்தவன். பாதரசத்தில் மூலிகைகளை அரைத்துக் குடித்து முதுமையை நிறுத்திவிட்டான். ஆனால் முழுவதுமாக நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு வேளை மருந்து குடித்தாக வேண்டும். குடிக்காவிட்டால் இருநூறு வயதும் ஒரே நாளில் வந்து சேரும். ஒருமுறை குடித்தால் என்றைக்கும் போதும் என்கிற கடைசி மருந்தைத்தான் இதழுக்கு இதழ் தேடிக்கொண்டிருந்தான். தேடும் வழியில் அணையை உடைப்பான், அருங்காட்சியகத்தைக் கொள்ளையடிப்பான். தாரா என்கிற வேதியியல் ஆசிரியை அவனைத் தடுப்பாள். எங்கள் பத்திரிகை தொடங்கிய இதழிலிருந்து அவன் இருந்தான். நான் சேருவதற்கு முன்பே அவன் பலமுறை செத்துப் பிழைத்திருந்தான்.

நான் அங்கே போனது ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர்ப் பிரிவிலிருந்து. உதவி ஆசிரியராகச் சில வருடங்கள் அங்கே இருந்தேன். விபத்துச் செய்தி எழுதினால் தலைமை உதவி ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்பார்: "யார் பார்த்தது?" பார்த்தவர் பெயர் இல்லாவிட்டால் செய்தி திரும்பி வரும். என் பயிற்சி மொத்தமும் அந்த ஒரு கேள்விதான். பிரிவை மூடியபோது சிவாஜிநகரில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் இயங்கிய காமிக்ஸ் பத்திரிகையில் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். நடக்காததை எழுதும் இடத்தில் நடந்ததை எழுதப் பழகியவளுக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டுதான் படி ஏறினேன்.

ஆசிரியர் ஸ்டெல்லா மேடம். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து வந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பக்கம் திருத்துவதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் உள்ளங்கையால் படத்தை மறைத்துக்கொண்டு வசனத்தை மட்டும் படிப்பார். பிறகு வசனத்தை மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்ப்பார். இரண்டும் ஒரே விஷயத்தைச் சொன்னால் ஏதாவது ஒன்றை எடுத்துவிடச் சொல்வார்.

"ஒரே வேலைக்கு ஏன் ரெண்டு பேருக்குச் சம்பளம்?" என்பார்.

பாதரசன் சாகும் காட்சிக்குத் தனிச் சட்டம். நான் எழுதிய முதல் சாவை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். மலையுச்சி, இடி, பள்ளத்தாக்கு, எல்லாம் இருந்தது. அவர் தாளைத் தொடவில்லை.

"எப்படிப் பொழைச்சான்?"

"மேடம், அவன் செத்துட்டான்."

"அது எனக்குத் தெரியும். எப்படிப் பொழைச்சான்னு கேட்டேன்."

"அது... அடுத்த மாசம் யோசிக்கலாம்னு..."

"அடுத்த மாசம் நீ லீவுல போவே. இல்ல கல்யாணம் பண்ணிப்பே. அவன் பள்ளத்துலயே கிடப்பான். வெளிய வர்ற வழியச் சொல்லு. அப்புறம் உள்ள தள்ளு."

வழியை எழுதிக் கொடுக்கக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் சொல்ல வேண்டும். அதோடு, அந்த வழி சாவுப் படத்துக்குள்ளேயே எங்காவது சிறியதாக இருக்க வேண்டும்: ஒரு மரக்கிளை, ஒரு கயிற்றின் நுனி, திறந்திருக்கும் ஒரு ஜன்னல். உற்றுப் பார்க்கிற பிள்ளைக்கு அது தெரிய வேண்டும். அடுத்த மாதம் பாதரசன் திரும்பி வரும்போது, பத்திரிகை ஏமாற்றிவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது. யார் பார்த்தது என்கிற என் பழைய கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. வாசகர் பார்த்தார். அன்றிலிருந்து அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

அந்தக் கிளையையும் கயிற்றையும் வரைந்தவர் நஸீர் பாய். சிவாஜிநகரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தக்னி உருது, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். பாதரசன் முகத்தை அவரைத் தவிர வேறு யாரும் வரைந்ததில்லை. ஒட்டிய கன்னம், வளைந்த மூக்கு, எப்போதும் தாகத்தில் இருப்பவன் போன்ற வாய். பேனாவால் தாளில் வரைவார். அதை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவோம்.

பிறகு பலூன். பாத்திரங்கள் பேசும் வசனத்தைச் சுற்றி வரும் வெள்ளை வட்டத்துக்கு எங்கள் அலுவலகத்தில் அதுதான் பெயர். ஒரே படத்தின் மேல் தமிழ்ப் பலூனை வைத்தால் தமிழ் இதழ். அதை எடுத்துவிட்டுக் கன்னடப் பலூனை வைத்தால் கன்னட இதழ். படத்தில் எந்த மூலையைப் பலூனுக்காகக் காலியாக விட வேண்டும் என்று தமிழ் வசனத்தை வைத்துத்தான் நஸீர் பாய் முடிவு செய்வார். ஏனென்றால் தமிழ்தான் அதிக இடம் கேட்கும். கன்னடத்தில் ஒற்றெழுத்து மேலெழுத்தின் அடியில் தொங்கிக்கொள்ளும். தமிழில் அது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும். தமிழ் அடங்கும் இடத்தில் கன்னடம் தாராளமாக அடங்கும். அதனால் கன்னடப் பக்கத்தை நஸீர் பாய்க்குக் காட்டும் வழக்கமே இல்லை. கன்னடத்தைக் கவனித்துக்கொண்டவர் மஞ்சுநாத். வார்த்தைகளை மிச்சம் பிடிப்பதில் அவருக்கு இணை கிடையாது.

"உங்க தாரா ஏன் மேடம் இவ்ளோ பேசறா? ஓடிட்டே இருக்கா, மூச்சு வாங்காதா அவளுக்கு?" என்று என்னைச் சீண்டுவார். என் மூன்று வரி அவரிடம் போனால் ஒன்றாகிவிடும்.

இப்படியே நாங்கள் பல வருடங்கள் ஓட்டினோம். பிறகுதான் முதலாளி தனராஜ் ஒரு காலையில் எல்லோரையும் அழைத்தார். கீழே இருந்த ஜவுளிக் கடையும் அவருடையதுதான். கெட்டவர் இல்லை. எந்தத் துணி ஓடுகிறது, எது தங்குகிறது என்று பார்க்கும் கண்ணால் எங்களையும் பார்ப்பார்.

"அந்தக் கிழவனப் பாத்தா பசங்க சிரிக்கிறாங்க. வெளிநாட்டு ரோபோ கதை ஒண்ணு பேசிட்டேன். படமெல்லாம் ரெடியா வரும், நாம வசனம் மாத்தினா போதும். இந்த மாசம் பாதரசன முடிச்சுடுங்க. நெஜமா முடிக்கணும். திரும்பி வர்ற வேலையே வேணாம்."

படம் தயாராக வந்தால் வரைபவர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நஸீர் பாய்க்கு அந்த மாதத்தோடு கணக்கு முடியும் என்று கூட்டம் முடிந்த பிறகு அவரிடம் தனியாகச் சொன்னார்கள்.

அன்று மதியம் அவர் சாப்பாட்டைத் திறக்கவில்லை. அவர் மனைவி ஷமீமுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகியிருந்தது எங்களுக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ். அந்தச் செலவை ஏற்றது அலுவலகம் ஊழியர்களுக்காக எடுத்திருந்த மருத்துவக் காப்பீட்டு அட்டை. எங்களுக்குத் தெரியாத ஒன்றை அன்றுதான் அவர் சொன்னார்.

"ஷமீமோட தங்கச்சி கிட்னி தர்றேன்னு சொல்லியிருக்கு கமலாம்மா. எல்லாம் மேட்ச் ஆயிடுச்சு. ஆஸ்பத்திரில கமிட்டி ஒண்ணு இருக்கு, அவங்க கையெழுத்து வரணும். ரெண்டு மூணு மாசத்துல ஆபரேஷன்னு சொல்றாங்க. இப்ப வேலை போச்சுன்னா கார்டும் போச்சு."

"முதலாளிகிட்ட சொல்லுங்க பாய்."

"வேணாம்மா. தெரிஞ்சா இன்னும் சீக்கிரம் கழட்டிவிட்டா என்ன பண்றது?"

நான் ஸ்டெல்லா மேடத்திடம் போய், நாம் சேர்ந்து முதலாளியிடம் பேசலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேசலாம். பரிதாபப்பட்டு ஒரு மாசம் தருவாரு. அடுத்த மாசம் பரிதாபம் தீந்துடும். புக்கு வித்தாத்தான் அவரு ஆள வச்சுப்பாரு."

"விக்க வழி?"

"தெரியல" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அப்போதுதான்.

சாவை நான்தான் எழுத வேண்டியிருந்தது. கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம். அதனுள்ளே ஒரு பெரிய பாதரசத் தொட்டி. பாதரசன் அதில் விழுந்து மூழ்குகிறான். பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா மேடம் தலையசைத்து மறுத்தார். "பாதரசத்துல இரும்பே மிதக்கும் கமலா. மனுஷன் கட்டில்ல படுத்த மாதிரி கிடப்பான். அமிலமா மாத்து."

மாற்றினேன். எப்படிப் பிழைத்தான் என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

முதலாளிக்கு எலும்புக்கூடு வேண்டும். பிள்ளைகள் படிக்கும் இதழில் எலும்பு வராது என்று மேடம் உறுதியாக நின்றார். கடைசியில் ஓர் உடன்பாடு. படத்தில் வெறும் அங்கி மட்டும் அமிலத்தின் மேல் மிதக்கும். செத்துவிட்டான் என்பதை வசனம் சந்தேகமில்லாமல் சொல்லிவிட வேண்டும். அதனால் தாரா பேசும் கடைசி வசனத்தை நான் இப்படி எழுதினேன்: 'இருநூறு ஆண்டுகளாக மரணத்தை ஏமாற்றி வந்தவன், கடைசியில் தன் பேராசையிலேயே கரைந்து போனான். இனி அவன் எழுந்து வரப்போவதில்லை!' நல்ல வசனம் இல்லை. முதலாளிக்குப் பிடித்திருந்தது. வலது பக்கக் கீழ்மூலை முழுவதையும் அந்தப் பலூனுக்கு ஒதுக்கினோம்.

நஸீர் பாய் வரைந்து கொண்டுவந்தார். தமிழ்ப் பலூனை ஏற்றினோம். பக்கத்தை முதலாளி பார்த்துக் கையெழுத்திட்டார். அவருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. தமிழ்ப் பக்கத்தை மட்டுமே பார்ப்பார். மேடமும் கையெழுத்திட்டார். இரண்டு இதழ்களும் அச்சுக்குப் போயின.

இதழ் கடைக்குப் போன வாரம் முதல் தொலைபேசி தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆனேக்கல்லிலிருந்து வந்தது. பேசியது ஒரு சிறுமி. அந்தப் பக்கத்தில் ஒரே வகுப்பில் தமிழ் படிக்கிற பிள்ளையும் கன்னடம் படிக்கிற பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும்.

"ஆன்ட்டி, பாதரசன் சாகலதானே? நான் சொன்னா இந்த கார்த்திக் நம்பமாட்டேங்கிறான்."

"செத்துட்டானேம்மா. தாராவே சொல்றாளே."

"எங்க கன்னட புக்ல கை இருக்கு ஆன்ட்டி!"

மஞ்சுநாத்தின் மேசைக்குப் போய்க் கன்னட இதழின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். என் பதினான்கு சொற்கள் இருந்த இடத்தில் அவர் ஒரே ஒரு சொல் போட்டிருந்தார்: 'முகியித்து.' முடிந்தது என்று பொருள். அதற்கேற்ற சிறிய பலூன். அதற்குக் கீழே, தமிழில் வெள்ளையாக இருந்த இடத்தில், அமிலத் தொட்டியின் விளிம்பு. அந்த விளிம்பைப் பற்றிக்கொண்டு ஒரு கை. நீண்ட விரல்கள், முழங்கையிலிருந்து தொங்கும் கிழிந்த துணி. யாருடைய கை என்பதில் சந்தேகமே இல்லை.

"நான் என்ன செஞ்சேன் மேடம்? படத்துலயே எல்லாம் இருக்கு, எதுக்கு நீட்டணும்னு சின்னதா போட்டேன்" என்றார் மஞ்சுநாத். "கை நீங்க வச்சதுன்னு நெனச்சேன். எப்பவும் ஏதாவது ஒண்ணு வைப்பீங்கல்ல?"

நஸீர் பாய் படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பலூனுக்கு அடியில வரைஞ்சது யாருக்குத் தெரியப்போகுதுன்னு வச்சேன் கமலாம்மா. வெறும் அங்கிய வரைஞ்சேன். கை ஓடல. எத்தன வருஷம் அவனோட இருந்திருக்கேன். சரி, உள்ள ஒரு கை இருக்கட்டும், யாரும் பாக்கப்போறதில்ல, எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னு..." நிறுத்தினார். "கன்னடத்த மறந்துட்டேன்."

தமிழ் மறைக்கும் இடத்தைக் கன்னடமும் மறைக்கும் என்று அவர் எண்ணியிருக்கிறார். அத்தனை வருடத்தில் அவர் ஒரு கன்னடப் பக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை.

முதலாளி மேலே வந்தபோது இரண்டு இதழ்களும் கையில் இருந்தன.

"யாரு வரைஞ்சது இது?"

"நான்தான் சார்" என்றார் நஸீர் பாய்.

"முடிச்சுடுன்னு சொன்னேனே! வேணும்னே பண்ணியிருக்கே. மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு, இன்னைக்கே கணக்கு முடிச்சுக்கோ."

நஸீர் பாய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அட்டை அன்றோடு போய்விடும் என்பதுதான் அந்த அறையில் எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்தது. முதலாளிக்கு மட்டும் அது தெரியாது.

ஸ்டெல்லா மேடம் எழுந்தார். "தமிழ்ப் பக்கத்துல நீங்க சைன் பண்ணீங்க. நானும் பண்ணேன். கன்னடப் பக்கத்த நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. கணக்கு முடிக்கிறதுன்னா முதல்ல எனக்கு முடிங்க."

"நீங்க ஏன் நடுவுல வர்றீங்க மேடம்? அடுத்த கன்னட புக்ல ஒரு திருத்தம் போட்டுடுங்க. கை தப்பா வந்துடுச்சு, ஆள் செத்துட்டான், அவ்ளோதான்."

"கமலா, நீ பேப்பர்ல இருந்தவ. போடலாமா?"

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "தப்பா எழுதினதுக்குத் திருத்தம் போடலாம் சார். கை படத்துல இருக்கு, படிச்சவங்க பாத்துட்டாங்க. பாத்ததைப் பாக்கலன்னு திருத்த முடியாது. போட்டா அதுக்கப்புறம் நாம எது சொன்னாலும் பசங்க நம்ப மாட்டாங்க."

முதலாளி என்னை முறைத்தார். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். அந்த மதியம் யாரும் வேலை செய்யவில்லை. மஞ்சுநாத் தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று நஸீர் பாயிடம் போய்ப் போய் மன்னிப்புக் கேட்டார். ஒரு கட்டத்தில் நஸீர் பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது.

"விடு குரு. நீ இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துப் போட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். உன் கஞ்சத்தனம் ஊருக்கே தெரிஞ்சதுதானே."

அன்று சாயங்காலம் முதலாளி வரவில்லை. மறுநாள் காலை கடை முகவர் ஒருவர் வந்தார். சந்தாபுரா, ஆனேக்கல், ஓசூர் பக்கம் எங்கள் இதழை எடுத்துப் போகிறவர். முதலாளியும் அவருமாக மேலே ஏறி வந்தார்கள். முகவருக்கு எங்கள் சண்டை எதுவும் தெரியாது.

"அண்ணா, கன்னட புக்கு மொத்தமா தீந்துடுச்சு. இன்னும் ரெண்டு கட்டு தாங்க. தமிழ்ப் பசங்கெல்லாம் கை பாக்கணும்னு வாங்குதுங்க. கன்னடப் பசங்க தமிழ் புக்க வாங்கி, அதுல கை இல்லன்னு காட்டி சண்டை போடுதுங்க. படிக்கத் தெரியாத பாஷையில புக்கு வாங்குறத நான் இப்பத்தான் பாக்குறேன்."

"மீதி இருக்கறத எடுத்துக்கோ" என்றார் முதலாளி.

"அடுத்த மாசம் என்ன வருது? வாத்தியார் ஒருத்தர் என்னையே கேக்குறார், ஆளு இருக்கானா இல்லையான்னு. பசங்க வகுப்புல பாடம் கேக்கமாட்டேங்குதாம்."

ஒரு துணியை மடித்து வைப்பதா, இன்னொரு முறை விரித்துக் காட்டுவதா என்று யோசிக்கும்போது முதலாளி உதட்டைக் கடிப்பதைக் கடையில் பார்த்திருக்கிறேன். அப்படிக் கடித்தார். பிறகு ஸ்டெல்லா மேடத்தைப் பார்த்து, "ரோபோ தீபாவளிக்கு வரட்டும். அதுவரைக்கும் இவன ஓட்டுங்க. ஆனா தமிழ்ல செத்தவன் எப்படி வருவான்?" என்றார்.

"கமலா சொல்லுவா" என்றார் மேடம். அவர் கையில் டீ இருந்தது. அது தீருவதற்குள் நான் சொன்னேன். அடுத்த தமிழ் இதழின் முதல் பக்கத்தில் அதே படம், அதே தொட்டி, பலூன் மட்டும் இல்லாமல். வேறு விளக்கம் எதுவும் வேண்டாம். தாரா தனக்குத் தெரியாததைப் பேசிவிட்டாள், அவ்வளவுதான்.

முதலாளி படி இறங்கிய பிறகு நஸீர் பாய் தன் மேசைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வரைபலகையில் ஊசி குத்திப் பொருத்தினார். மதியம் சாப்பாட்டைத் திறந்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் மேடமும் மஞ்சுநாத்தும் நானும் பாதரசனை எழுதியது வாசகர்களுக்காக மட்டும் இல்லை. மருத்துவமனைக் குழுவின் கையெழுத்து தள்ளிப்போன மாதம் பாதரசன் இமயமலைக்குப் போனான். ஷமீமின் தங்கைக்குக் காய்ச்சல் வந்து தேதி மாறியபோது அவன் கப்பலில் ஏறினான். மேடம் முன்போலவே படத்தை மறைத்து வசனத்தையும், வசனத்தை மறைத்துப் படத்தையும் பார்த்தார். முன்போலவே திருப்பித் தந்தார். ஆனால் ஒவ்வொரு இதழும் அச்சுக்குப் போன அன்று நஸீர் பாயைக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரில என்ன சொல்றாங்க?" என்று கேட்பார். பதிலைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அடுத்த கதையை என்னிடம் பேசுவார். அந்த மாதங்களில் நான் எழுதிய கதைகள் சிறந்தவை என்று சொல்ல மாட்டேன். சில கதைகளில் பாதரசன் காரணமே இல்லாமல் ஊர் சுற்றுகிறான். வாசகர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அறுவைச் சிகிச்சை நடந்த நாள் நாங்கள் அலுவலகத்தில்தான் இருந்தோம். மஞ்சுநாத் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். மதியத்துக்கு மேல் நஸீர் பாயின் அழைப்பு என் கைபேசிக்கு வந்தது. எதிர்முனையில் அழுகைதான் கேட்டது.

"பாய், என்ன ஆச்சு? சொல்லுங்க."

"மூத்திரம் வந்துடுச்சு கமலாம்மா! புதுக் கிட்னி வேலை செய்யுது! டாக்டரே சிரிக்கிறாரு!"

நான் அதை அப்படியே உரக்கச் சொல்லிவிட்டேன். கணக்கு டீச்சராக இருந்த ஸ்டெல்லா மேடம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மஞ்சுநாத் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். கீழே சிவாஜிநகர் வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. முதலாளிக்கு அன்றுதான் எல்லாம் தெரிந்தது. "என்கிட்ட ஏன்யா சொல்லல?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு கடையிலிருந்து நல்ல பருத்திப் போர்வைகள் இரண்டை எடுத்துக் கட்டச் சொன்னார். ஒன்று ஷமீமுக்கு, ஒன்று தங்கைக்கு. நஸீர் பாயை ரோபோ இதழ்களுக்கு அட்டைப்படம் வரைய வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

தொற்று வரக்கூடாது என்பதால் ஷமீமைப் பார்க்க உடனே விடவில்லை. சில மாதங்கள் கழித்து மேடமும் நானும் முகக்கவசம் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஷமீம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தாலும் முகத்தில் பழைய வீக்கம் இல்லை. எங்கள் இதழை அவர் படித்ததே இல்லை. ஆனால் கதை முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"மேடம், ஒண்ணு கேப்பேன். தப்பா நெனைக்கக் கூடாது" என்றார். "அந்த ஆள இனிமே விட்டுடுங்களேன். எனக்காக ரொம்ப நாளா ஓடிட்டான். மருந்து மருந்துன்னு அலையறது என்னன்னு எனக்குத் தெரியும். போதும், படுக்கட்டும்."

"அப்ப நான் எத வரையறது?" என்றார் நஸீர் பாய்.

"ரோபோ வரைங்க. அதுக்கு மூக்கே இல்ல, வேல சீக்கிரம் முடியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கதையில் என்ன வர வேண்டும் என்று வெளியாள் யார் சொன்னாலும் ஸ்டெல்லா மேடம் கேட்டுக்கொண்டது கிடையாது. அன்று, "சரிம்மா" என்றார். அடுத்த இதழில் பாதரசன் ஒரு அமாவாசையன்று மருந்து குடிக்காமல் படுத்தான், முதுமை வந்தது, செத்தான். தமிழிலும் கன்னடத்திலும் செத்தான். அந்தப் பெண்ணின் கட்டத்துக்கு இதுதான் விடை: எஸ்.

ஆனால் அந்த வீட்டில் என் கண்ணில் நின்றது வேறு. டயாலிசிஸ் நடந்த காலத்தில் ஷமீம் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். சாம்பாரும் டீயும்கூட அந்தக் கணக்கில்தான். கோடைக்காலத்தில் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கிடப்பாராம். அளவு மீறாமல் பார்த்துக்கொண்டவர் நஸீர் பாய். புதுக் கிட்னி வந்த பிறகு அந்த அளவு இல்லை. அன்று எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஷமீம் தனக்கும் ஒரு பெரிய தம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டார். அண்ணாந்து குடித்தார். பாதி தம்ளரில் நஸீர் பாயின் கை தானாக உயர்ந்தது.

"போதும் ஷம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஷமீம் தம்ளரைக் காலி செய்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அதை அவரிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்துங்க" என்றார்.

நஸீர் பாய் விளிம்பு வரைக்கும் ஊற்றினார்.